துறவும் வாரிசும்

‘டியூன்’ (1965) நாவலின் முடிவில் பால் அட்ரெய்டிஸ் பேரரசனாகிறான், வாசகன் கைதட்டுகிறான். ஃப்ராங்க் ஹெர்பர்ட் எழுதியதோ தலைவர்களை நம்பாதே என்று எச்சரிக்கத்தான். அதைப் பின்னால் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் கைதட்டலுக்குப் பதிலாகவே அதன் தொடர்ச்சியான ‘டியூன் மெஸையா’வை (1969) நான் படிக்கிறேன். முதல் நாவலை ‘அனலாக்’ பத்திரிகையில் தொடராக வெளியிட்ட ஜான் கேம்ப்பெல் இதை ஏற்க மறுத்தார். ‘கேலக்ஸி’யில்தான் வந்தது.

கதை பன்னிரண்டு ஆண்டுகள் தள்ளித் தொடங்குகிறது. பாலின் பெயரால் நடந்த ஜிஹாதில் 6,100 கோடிப் பேர் மாண்டிருக்கிறார்கள். நாற்பது மதங்களைச் சேர்ந்தவர்கள் துடைத்தெறியப்பட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கைச் சொல்பவன் பாலேதான். பாலைவனத்தில் அவனோடு நின்று போரிட்ட கோர்பா இப்போது மத குருமாரில் ஒருவன். குருமார் அமைப்புக்குள் பாலுக்கு எதிராகவே சதி நடக்கிறது. உயிரோடிருக்கும் தெய்வத்தைவிடத் தியாகியாகிவிட்ட தெய்வம் ஸ்தாபனத்துக்கு வசதியானது. இந்த இடங்களில் ஹெர்பர்ட்டின் பார்வை கூர்மையானது. வம்சத்தைப் பற்றியும் அப்படித்தான். பட்டத்து மனைவி இருலான், பாலின் காதலி சானி கருவுறாதபடி ரகசியமாக மருந்து கலந்து கொடுக்கிறாள். அரசியல் அங்கே கருப்பைவரை வந்துவிடுகிறது.

ஆனால் முடிவு? குண்டுவெடிப்பில் கண்ணிழந்த பால், முன்னறியும் சக்தியால் பார்த்து வருகிறான். சானி இரட்டைக் குழந்தைகளைப் பெற்று இறந்தபின் அந்தப் பார்வையும் போகிறது. குருடர்களைப் பாலைவனத்துக்கு விட்டுவிடும் ஃப்ரெமன் வழக்கத்துக்குப் பணிந்து அவன் தனியே நடந்து போகிறான். இதைப் படித்த இரவு நான் அழுதேன். மறுநாள் பாங்க் கவுண்டரில் பாஸ்புக்கில் வரவு வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: 6,100 கோடிக்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

குறை என்னுடையது மட்டுமல்ல என்றே படுகிறது. அந்தச் சாவுகள் ஓர் உரையாடலில் எண்களாக வந்து போகின்றன. சானியின் சாவுக்கோ நாவல் முழுவதும் தயாராகிறது. கடலைப் பார்க்கும் ஆசையில் ஜிஹாதுக்குப் போய், கடலில் இறங்கியதும் அந்த வெறி தணிந்துபோன ஃபரோக் என்ற கிழவன் வருகிறான். அவன் மகன் போரில் கண்ணிழந்தவன். நாவலில் மிக நிஜமான மனிதன் அவன்தான். ஒரு அத்தியாயத்தோடு ஹெர்பர்ட் அவனை விட்டுவிடுகிறார்.

பாலின் துறவு அதிகாரத்தை முடித்துவைக்கவில்லை. வழக்கத்துக்குப் பணிந்ததாலேயே ஃப்ரெமன் மக்களுக்கு அவன் புனிதனாகிறான். அவர்களுடைய விசுவாசம் கைக்குழந்தைகள் இருவருக்கும் உரியதாகிவிடுகிறது. ஆட்சி தங்கை ஆலியாவிடம் வருகிறது. இது ஹெர்பர்ட்டுக்குத் தெரியும், நாவலிலேயே சொல்லியிருக்கிறார். தெரிந்திருந்தும் அந்த நடையை ஒரு காவிய நாயகனின் நடையாகவே எழுதுகிறார். அறிவு எச்சரிக்கும்போதே மொழி வணங்கிவிடுகிறது. அன்றிரவு நானும் அந்தக் குடிகளில் ஒருவனாகத்தான் இருந்தேன். நாவலின் எச்சரிக்கையை எனக்கு நிரூபித்தது நாவல் அல்ல, என் கண்ணீர்.