தோமையாரைக் கொன்றது யார்?

எட்டு வயசில் எங்க ஆயாவோடு பரங்கிமலை ஏறினேன். பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்த ஆயா, “இங்கதான் தோமையாரக் குத்திக் கொன்னாங்க” என்றாள். யாரு கொன்னது ஆயா? “எவனோ ஒரு பாவி.” அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. எங்க ஊர்க் கோயிலில் எங்களுக்குத் தனி வரிசை, கல்லறைத் தோட்டத்தில் தனி மூலை. பாவி என்கிற சொல்லை எங்களை நோக்கியே கேட்டுப் பழகிய காதுக்கு, அந்தப் பாவி யார் என்ற கேள்வி விடாமல் அரித்துக்கொண்டே இருந்தது. தமிழ் எம்.ஏ. படித்த பிறகு தோமையார் பற்றிய நூல்களைத் தேடித்தேடி வாசித்தது அதனால்தான்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ பதில் சொல்கிறார். மயில் வேட்டைக்கு வந்த ஒருவன் விட்ட அம்பு குறி தவறித் தோமையார் மேல் பாய்ந்ததாம். எய்தவன் ‘கோவி’ என்கிற இனத்தான். அந்த இனத்தார் யாரென்றும் எழுதுகிறார்: மாட்டைக் கொல்ல மாட்டார்கள், செத்த மாட்டின் கறியைத் தின்பார்கள். அவர்களில் ஒருவனும் தோமையார் கல்லறை இருக்கும் இடத்துக்குள் நுழைய முடியாதாம். பத்து இருபது பேர் பிடித்து இழுத்தாலும் நிற்க வைக்க முடியாதாம்; அது புனிதரின் உடலுக்குள்ள வல்லமையாம்.

செத்த மாடு தின்கிறவன் யாரென்று நமக்கு அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. மார்க்கோ போலோ இதைத் தானாகக் கற்பனை செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கேட்டதை எழுதினார். கோயிலுக்குள் விடாததற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, கொலைப்பழி காரணமாயிற்று. தீண்டாமை புனிதரின் அற்புதமாகிவிட்டது.

பின்னால் வந்த கதைகளில் கொலைகாரர் பிராமணர் ஆகிறார், அம்பு ஈட்டியாகிறது. அந்தந்தக் காலத்துக்கு யார் எதிரியோ அவர் கையில் ஆயுதம். ஆனால் இவற்றுக்கெல்லாம் மூத்த நூலான ‘தோமாவின் பணிகள்’, 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்டது, வேறொன்று சொல்கிறது. அரசன் ஆணையிட்டான், நாலு படைவீரர்கள் குத்தினார்கள். கொன்றது அதிகாரம்.

அந்த நூல் வரலாறில்லை, புனைவுதான். ஆனாலும் அதில் வரும் தோமையார் யார் என்று பாருங்கள். இந்தியாவுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவரை, அப்பான் என்ற வணிகனிடம் ஏசுவே அடிமையாக எழுதிக்கொடுத்து விற்றுவிடுகிறார். உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டால், மரத்தில் ஏர், நுகத்தடி, துடுப்பு, கல்லில் தூண், அரண்மனை என்கிறார். விலைக்கு வாங்கப்பட்ட உழைப்பாளி. குந்தபோரஸ் அரசன் அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, உன் அரண்மனை பரலோகத்தில் எழும்பியிருக்கிறது என்கிறார்.

இந்த இடத்தைப் பிரசங்கங்களில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். நமக்கு மோட்சத்தில் வீடு உண்டு, பொறுத்திருங்கள் என்று முடிப்பார்கள். கதை அப்படியா இருக்கிறது? மோட்சத்து வீடு ராஜாவுக்கு. ஏழைக்குக் கிடைத்தது கையில் காசு, இந்த மண்ணில், அன்றைக்கே. இதைத் தலைகீழாக்கித்தான் நமக்கு ஓதியிருக்கிறார்கள்.

இன்னோர் இடம். மிக்தோனியா என்ற பிரபுவின் மனைவி பல்லக்கில் வருகிறாள். தோமையார் முதலில் பேசுவது சுமந்து வந்த அடிமைகளிடம். உங்கள் மேல் அதிகாரம் உள்ளவர்கள் உங்களைத் தங்களைப்போல மனுசராக நினைக்காமல் மிருகத்தின் மேல் போல பாரம் ஏற்றுகிறார்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்.

பல்லக்குத் தூக்கிகளிடம் பேசிய இவரைக் கேரளத்து மரபு என்ன செய்தது? 1601இல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் ‘ரம்பான் பாட்டு’ தோமையார் மதம் மாற்றியவர்களை வருணவாரியாகக் கணக்குக் காட்டுகிறது. பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர். அஞ்சாவது வரி இல்லை. நம்பூதிரி வழிவந்தோம் என்ற பெருமை இந்தக் கணக்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. பறையர் குடும்பத்தில் பிறந்த பொய்கையில் அப்பச்சன், தோமையார் பெயரையே தாங்கிய மார்த்தோமா சபையில் சேர்ந்தும் சாதி தாங்காமல் வெளியேறினார். தன் இனத்தைப் பற்றி ஒரு எழுத்தும் காணோமே என்று அவர் பாடியது, இந்த விடுபட்ட வரியைப் பார்த்துத்தான் என்று நான் வாசிக்கிறேன்.

மயிலாப்பூரில் கோயிலை இடித்துத்தான் சாந்தோம் எழுந்தது என்கிற நூல்களும், தோமையார் வந்தது உண்மையே என்று மறுக்கும் நூல்களும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. தோமையார் வந்தாரா, வரவில்லையா? இரண்டு தரப்பும் அடித்துக்கொள்ளட்டும். வந்தவர் யாரோடு நின்றார் என்பது நம் கேள்வி. 1950 ஆணை கிறித்தவத் தலித்தைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. பாட்டில் அஞ்சாவது வரி இல்லாததும் ஆணையில் பெயர் இல்லாததும் எனக்கு ஒரே கையெழுத்தாகத் தெரிகிறது.

ஆயா இப்போது இல்லை. அந்தத் தனி மூலையில்தான் கிடக்கிறாள். அவளுக்குச் சொல்ல வேண்டும்: ஆயா, அந்தப் பாவி நாம இல்ல.