மேசை விளையாட்டில் நெடுவழிப் பயணம்: உமணர் வண்டியும் பகடையும்

நால்வர் ஐவர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசி, ஐயம் வரும் இடத்தில் பகடை உருட்டி முடிவு காணும் ஆட்டத்தை ரோல் பிளேயிங் கேம் என்பர். ஆட்ட நடத்துநர் ஒருவர் உலகத்தை விவரித்துச் சொல்வார். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முன்னோடி. இவ்வாட்டங்களில் சண்டைக்குப் பக்கம் பக்கமாக விதிகள் உண்டு. நீண்ட, ஆபத்தான தரைவழிப் பயணம் மட்டும் பல ஆட்டங்களில் சவலைப் பிள்ளையாகவே கிடக்கிறது.

சென்ற கோடை விடுமுறையில் தூத்துக்குடியில் எங்கள் தெருக் கல்லூரி மாணவர்கள் ஆடியதை அருகிலிருந்து பார்த்தேன். சங்ககாலக் கொற்கையிலிருந்து மதுரைக்கு உப்பு ஏற்றிச் செல்லும் உமணர்களாக ஆடினார்கள். களம் நல்ல தேர்வு. ஆனால் வழிநெடுக நடந்தது இவ்வளவுதான்: நாளுக்கு ஒரு பகடை, ஒன்று விழுந்தால் கள்வர், இரண்டு விழுந்தால் புலி, மற்ற எண்ணுக்கு ஒன்றுமில்லை. ஏழு உருட்டலில் மதுரை வந்துவிட்டது. "டிராவல்னாலே போர் சார்" என்றான் ஒருவன்.

வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கும் பாம்பு கடிக்கும். ஆனால் அந்தக் கட்டத்தில் போய் நிற்பது நம் முடிவன்று.

குறை மாணவர்களுடையது மட்டுமன்று. 1974 விதிகளே காட்டுவழிப் பயணத்தை நாள்தோறும் பகடை உருட்டி, வழி தவறியதா, விலங்கு எதிர்ப்பட்டதா என்று பார்க்கும் கணக்காக வைத்தன. 2011-இல் வந்த 'தி ஒன் ரிங்' ஒரு படி முன்னேறியது. வழிகாட்டி, முன்னோடி, வேட்டையர், காவலர் என்று பயணிகளுக்குப் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்தது. அப்போதும் வழியில் என்ன இருக்கிறது என்பது பெரும்பாலும் பகடை விழுந்த பிறகே தெரியவருகிறது. முன்கூட்டித் தெரியாத ஆபத்தில் அச்சம் உண்டு, தேர்வு இல்லை.

நம் மலைபடுகடாம் இதற்கு நேர்மாறானது. நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்லும் 583 அடிப் பாட்டு அது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டு, ஆகவே விடிந்த பின் போங்கள். தினைப்புனக் காவலர் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னே மறைந்து போங்கள். காட்டில் திசை தப்பினால் பாறையில் கூடி இசைக்கருவிகளை வாசியுங்கள், கானவர் வந்து வழிகாட்டுவர். ஒவ்வோர் ஆபத்தும் ஓர் இடத்தோடும் ஒரு பொழுதோடும் கட்டப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். வழி பிரியும் இடத்தில், பின்னால் வருவோருக்காகப் புல்லை முடிந்து அடையாளம் இடச் சொல்கிறது. இதைவிட நல்ல ஆட்ட விதியை நான் கண்டதில்லை.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையும் இவ்வகையே. மாங்காட்டு மறையோன் மதுரைக்கு மூன்று வழிகளைச் சொல்லி, இடைவழியில் மயக்கும் தெய்வம் உண்டு என்று எச்சரிக்கிறான். அவ்வழியே சென்ற கோவலன் முன் அத்தெய்வம் வசந்தமாலை வடிவில் வந்து நிற்கிறது. மறையோன் சொன்னது நினைவிருந்ததால் அவன் தப்பினான். நல்ல ஆட்ட நடத்துநர் செய்யவேண்டியது இதைத்தான்.

ஆற்றுப்படையை அப்படியே ஆட்டமாக்கிவிட முடியாது என்பதையும் சொல்லவேண்டும். அங்கே வழியின் முடிவில் வள்ளல் காத்திருப்பது உறுதி. பெரும்பாணாற்றுப்படையில் இளந்திரையன் நாட்டு வழியில் கள்வரே இல்லை. புரவலனுக்கு அது புகழ். ஆடுபவர்க்கு அங்கே வேலையில்லை.

இழப்புக்கு இடம் தருவது உமணர் வாழ்வுதான். புறநானூறு 102-இல் ஔவையார் காட்டும் உமணர், மேடுபள்ளத்தில் என்ன நேருமோ என்று வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டி வைத்துக்கொள்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் உமணரோடு வந்த மந்தி, முத்தைக் கிளிஞ்சலுக்குள் இட்டுக் கிலுகிலுப்பையாக்கி அவர்கள் பிள்ளைகளோடு விளையாடுகிறது. அந்தக் காட்சி நம் கொற்கையைப் பாடும் இடத்தில்தான் வருகிறது. மழைக்குக் கரையும் உப்பு, கள்வரை இழுக்கும் முத்து, எடை கூட்டும் அச்சு. ஆட்டத்துக்கு வேறென்ன வேண்டும்? உப்பளத்து ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு மழை என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதுமில்லை.

மறுவாரம் மாணவர்கள் பகடைப் பட்டியலை ஒதுக்கிவிட்டு ஆடினார்கள். புறப்படும் முன்பே ஓர் உமணக் கிழவர் வழியை முழுதும் சொல்லிவிட்டார். எந்த ஓடையில் சக்கரம் இறங்கும், எந்தக் குறுங்காட்டில் மாலைக்குப் பின் போகக்கூடாது என்பது வரை. சேம அச்சை விட்டுவிட்டு ஒரு மூட்டை உப்பை அதிகம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அச்சு முறிந்தது, மேற்கே மேகம் கறுத்தது. முத்துப் பையை விற்று வேறு வண்டி பிடிப்பதா, உப்பைக் கொட்டிவிட்டு நடப்பதா என்று அரைமணி நேரம் சண்டை. அன்று அவர்கள் மதுரை போய்ச் சேரவில்லை.