வெறி விலக்கலும் நெறிபிறழ் உளவியலும்

‘அப்நார்மல் சைக்காலஜி’ என்ற தாளுக்குத் தமிழில் மூன்று பெயர்கள் புழங்குகின்றன: அசாதாரண உளவியல், பிறழ்நிலை உளவியல், நெறிபிறழ் உளவியல். மூன்றாவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. நெறி, பிறழ்தல் இரண்டுமே நம் மொழியில் பெண்ணின் ஒழுக்கத்தை அளந்து அளந்து தேய்ந்த சொற்கள். ஆங்கிலச் சொல்லும் ஒன்றும் அப்பாவி அல்ல. அதன் வேரான ‘நார்மா’ லத்தீனில் தச்சரின் மூலைமட்டம். மரத்துக்கு மூலைமட்டம் வைக்கலாம். மனத்துக்கு வைக்கும்போது அது யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஓசூரில் இளங்கலை உளவியல் படிக்கும் பெண்களுக்கு நான் பகுதி ஒன்று தமிழ் எடுக்கிறேன். பெரும்பாலோர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அம்மா சிப்காட்டில் வேலை செய்வார், அல்லது அக்கா ஏதோ ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் ஹாஸ்டலில் இருப்பாள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ, வகுப்பில் தமிழ், தேர்வில் ஆங்கிலம். பித்து, பிச்சி, ஹுச்சு என்று மூன்று மொழிகளிலும் சொல் வைத்திருக்கும் பிள்ளைகள் அமெரிக்கக் கையேட்டின் கலைச்சொற்களை உருப்போடுகிறார்கள். நாட்டின் முதன்மையான மனநல நிறுவனங்களில் ஒன்றான நிம்ஹான்ஸ் இருக்கும் சாலைக்குப் பெயரே ஓசூர் சாலைதான். அத்திப்பள்ளி தாண்டி பஸ்ஸில் போனால் வந்துவிடும். பாடநூல்தான் அவ்வளவு பக்கத்தில் இல்லை. ஒரு மாணவி அந்தத் தடித்த நூலை என் மேசையில் வைத்துக் கேட்டாள்: “மேம், எங்க பெரியம்மா இதுல எந்தச் சாப்டர்ல வருவாங்க?” அந்தக் கேள்வியோடுதான் நான் அதை வாசித்தேன்.

பிறழ்வை அடையாளம் காண முதல் இயல் நான்கு அளவுகோல்களைத் தருகிறது: விலகல், துயரம், செயலிழப்பு, ஆபத்து. எந்த ஒன்றும் தனித்துப் போதாது என்று நூலே எச்சரிக்கிறது, அது நியாயம். ஆனால் செயலிழப்பு என்பதை எந்தச் செயலை வைத்து அளப்பது? லைனில் எண்ணிக்கை குறையாமல் முடித்துவிட்டு, ஹாஸ்டலுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும் பெண் இந்த அளவுகோலில் அகப்படமாட்டாள். அவள் செயல் இழக்கவில்லையே. மனைவியின் மனச்சோர்வும் சமையல் நின்ற நாளில்தான் வீட்டாருக்குத் தெரிகிறது. 1970இல் ப்ரோவர்மன் குழுவினர் 79 மனநல வல்லுநர்களிடம் ஆரோக்கியமான ஆண், ஆரோக்கியமான பெண், ஆரோக்கியமான வயதுவந்த மனிதர் எப்படி இருப்பார்கள் என்று தனித்தனியாகக் கேட்டார்கள். ஆணின் படமும் மனிதரின் படமும் ஒத்துப்போயின. பெண்ணின் படம் ஒத்துப்போகவில்லை: பணிந்துபோகிறவள், எளிதில் பிறர் பேச்சுக்கு ஆட்படுகிறவள். அப்படி இருந்தால் அவள் ஆரோக்கியமான மனிதர் அல்ல. இல்லாவிட்டால் ஆரோக்கியமான பெண் அல்ல.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இக்கட்டு புதிதல்ல. சங்க அகப்பாடல்களில் தலைவி மெலிகிறாள், வளை நெகிழ்கிறது, மேனியில் பசலை படர்கிறது. தாய் பதறுகிறாள். கட்டுவிச்சி வருகிறாள், கழங்கு பார்க்கப்படுகிறது, முருகு அணங்கியது என்று முடிவாகிறது. வேலன் களம் இழைத்து, மறி அறுத்து, வெறியாடுகிறான். நோய்க்குறிகள் எல்லாம் உண்மை, அவற்றைக் கண்டவர்களின் அக்கறையும் உண்மை. காரணம் மட்டும் தவறு, ஏனென்றால் அவளிடம் யாரும் கேட்கவில்லை. வெறியாட்டைப் பாடியதாலேயே பெயர்பெற்ற காமக்கண்ணியார் என்ற பெண்புலவரின் அகநானூற்று 22ஆம் பாடலில், வெறியாட்டு நடந்த அதே இரவில் தலைவன் யாருமறியாமல் வருகிறான்; அவள் நோய் தீர்கிறது. வேலனுக்குப் பெயர் வந்ததை நினைத்து அவள் சிரிக்கிறாள். நோயாளி மருத்துவரைப் பார்த்துச் சிரிக்கும் இடம் என் மாணவிகளின் பாடநூலில் எங்குமில்லை. இன்னொரு துறை வெறி விலக்கல். அதில் தோழி குறுக்கே நிற்கிறாள். நோய் இல்லை என்று அவள் சொல்வதில்லை. நீங்கள் சொல்லும் காரணத்தால் அல்ல என்கிறாள், அறத்தொடு நின்று உள்ளதைச் சொல்கிறாள். இந்தத் துறையை நச்சினார்க்கினியர் உரையோடு மனப்பாடம் செய்யவைத்தே நாம் கொன்றுவிட்டோம் என்பது தனிக்கதை.

இதிலிருந்து ஒரே தாவலில், மனநோய் என்பதே ஆணாதிக்கக் கற்பிதம் என்று சொல்லும் பெண்ணியமும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காதில் ஓயாமல் குரல் கேட்டு, வாரக்கணக்கில் உறங்காத பெண்ணுக்கு மாத்திரை வேண்டும், அவளை மதித்துப் பேசும் மருத்துவர் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீயில் இறந்த 28 பேர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். வேலன் களத்துக்கு அனுப்புவதும், பாடநூலை அப்படியே ஏற்பதும் என்ற இரண்டு மட்டும்தான் வழி என்றில்லை.

வழியைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். வேலூர் மாவட்டக் கிராமப்புறத்தில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு குறித்து சந்திரன், தரியன் முதலியோர் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. குறைந்த வருமானம், ஆண்பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல், கைக்கு உதவி இல்லாதது ஆகியவை அதில் ஆபத்துக் காரணிகளாக வருகின்றன. பாடநூலின் பத்தியில் ஹார்மோன் முன்னால் நிற்கிறது. ஹார்மோன் பொய் என்று நான் சொல்லவில்லை. மாமியாரைத் தேட வேண்டியிருக்கிறது. மாணவியின் பெரியம்மா இரண்டாவது பெண் குழந்தை பிறந்தபின் பேச்சை நிறுத்தியவர். தாய்வீட்டுக்கு ‘கொஞ்ச நாளைக்கு’ என்று அனுப்பப்பட்டவர். இருபது வருடம் ஆகிறது.

அவரைப் போன்றவர்களைப் பற்றியும் எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர்களில் ஒருவரான சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் தாரா, சாந்தா காமத், சுபா குமார் மூவரும் மனச்சிதைவு நோயுள்ள, மணவாழ்க்கை முறிந்த 76 பெண்களிடம் பேசி 2003இல் எழுதினார்கள். நோயின் களங்கத்தைவிடக் கணவனைப் பிரிந்தவள் என்ற களங்கமே அந்தப் பெண்களையும் குடும்பங்களையும் அதிகம் அறுக்கிறது என்பது அதன் கண்டுபிடிப்பு. எந்த மாத்திரை உறை மீதும் அச்சிட முடியாத பக்கவிளைவு இது. நோயின் பெயர் நம் ஊரில் மருத்துவமனையோடு நிற்பதில்லை. வக்கீல் நோட்டீசுக்கும் போகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு மனக்கோளாற்றை மணவிலக்குக்குக் காரணமாக வைத்திருக்கிறது. மனச்சிதைவு என்ற பெயர் மட்டும் போதாது, அதன் அளவைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ராம் நாராயண் குப்தா வழக்கில் 1988இலேயே சொல்லிவிட்டது. நோயின் பெயர்களைப் பட்டியலாகப் படித்து மதிப்பெண் வாங்கும் பெண் இந்தத் தீர்ப்பையும் அறிந்திருந்தால் அவள் கையெழுத்திடும் அறிக்கை வேறுமாதிரி இருக்கும்.

தொழிற்சாலைகளுக்கு வருவோம். மலேசியாவின் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் மலாய்ப் பெண்கள் பேய்பிடித்து அலறியதை ஐவா ஓங் 1987இல் ஒரு நூலாக எழுதினார். நிர்வாகம் அதைக் கூட்டு ஹிஸ்டீரியா என்றது. ஓங் அதில் மேற்பார்வைக்கும் வேலை வேகத்துக்கும் எதிரான ஒரு மறுப்பை வாசித்தார். ஓசூர் மாணவிகளுக்குப் பாடமாக வேண்டிய புத்தகம் அது. அவர்கள் படிப்பதோ பாரிஸ் மருத்துவமனையில் ஷார்கோ காட்சிக்கு வைத்த பெண்களின் ஹிஸ்டீரியாவை, அதுவும் வரலாற்றுக் குறிப்பாக.

இவர்களின் தாளில் ஐந்து அலகுகள். எதிலும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இல்லை. அதன் 3ஆம் பிரிவு, ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க, சமூக, பண்பாட்டு, வேலை, அரசியல் மதிப்பீடுகளுக்கோ சமய நம்பிக்கைகளுக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மனநோயைத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது. மனநோய் உண்டு என்று தீர்மானித்துவிட்டாலும், அதனாலேயே அவர் சித்த சுவாதீனமற்றவர் ஆகிவிடமாட்டார். அதைத் தகுதியுள்ள நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். வெறி விலக்கல் நடத்திய அன்று இந்தப் பிரிவைத் தமிழில் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ‘வேலை மதிப்பீடு’ என்றால் என்ன என்று முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள். நான் விளக்கம் தேடுவதற்குள் பின் பெஞ்சிலிருந்து பதில் வந்தது: “டார்கெட் டீ.” பாத்ரூம் போக டோக்கன் வாங்கும் அக்காவைப் பற்றி ஒருத்தி சொன்னாள், அடுத்தவள் அதற்கு மேல் சொன்னாள். மணி அடிக்கும்வரை பேச்சு அதிலேயே ஓடியது. அகநானூறு அடுத்த வகுப்புக்குப் பாக்கி.