உதடு ஒட்டாத ஊர்

மணலூர்பேட்டையில் நான் போன டியூஷனில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு விளையாட்டு உண்டு. சார் போர்டில் நாலு இங்கிலீஷ் எழுத்து எழுதுவார். அந்த நாலும் உள்ளே வருகிற மாதிரி யார் நீளமான சொல்லைச் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஒரு பேனா. எனக்கு இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சரியாகப் பேச வராது. ஆனால் டிக்‌ஷனரியைப் புரட்டிப் புரட்டிப் பேனாக்கள் சேர்த்துவிட்டேன். 'அன்காப்பிரைட்டபிள்' என்ற சொல்லில் 15 எழுத்து, ஒன்றுகூடத் திரும்ப வராது. 'ஃபசீஷியஸ்' என்பதில் ஐந்து உயிரெழுத்தும் வரிசை மாறாமல் வரும். அர்த்தம்? அதை யாரும் கேட்டதில்லை.

டிக்‌ஷனரியிலேயே ஆக நீளமானது என்று பெயர் வாங்கிய சொல்லில் 45 எழுத்து. கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் நோயின் பெயர். அமெரிக்கப் புதிர்க்காரர்களின் சங்கத் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் 1935இல் நீளத்துக்காகவே செய்து விட்ட சொல் அது. குவாரியில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த நோய் நிஜமாகவே வருகிறது. சொல்தான் விளையாட்டு.

பிறகு இலக்கியம் படிக்க வந்தபோது, நம் சித்திரக்கவிகளையும் இந்தப் பேனாப் போட்டியோடு சேர்த்து ஒதுக்கி வைத்தேன். கழைக்கூத்து, புலவர்களின் வெட்டி வேலை என்று நண்பர்களிடம் அடித்துப் பேசியும் இருக்கிறேன். அதில் பாதியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நிரோட்டகம் என்று ஒன்று. இதழகல் என்றும் சொல்வார்கள். உ, ஊ, ஒ, ஓ, ஔ, ப, ம, வ இந்த ஓசைகள் வராமல் பாட வேண்டும். இங்கிலீஷ் விளையாட்டு கண்ணுக்கானது. ஓர் எழுத்து ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் கணக்கில் சேரும். நிரோட்டகத்தின் விதி தாளில் இல்லை, வாயில் இருக்கிறது. உதடு ஒட்டக் கூடாது, குவியக் கூடாது.

341ஆம் குறளைச் சொன்னால் உதடு ஒட்டாது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருவார்கள். துறவு அதிகாரத்தின் முதல் குறள், விடுவதைப் பற்றிப் பேசுவதால் உதடும் விடுகிறதாம். சொல்லிப் பாருங்கள், ஒட்டாது, சரி. ஆனால் 'நோதல்' என்ற சொல்லில் உதடு குவிகிறது. கறாரான இலக்கணப்படி அது நிரோட்டகம் ஆகாது. வலி வருகிற இடத்தில் மட்டும் உதடு அசைகிறது என்று நான்கூட ஒரு வியாக்கியானம் எழுதிவிடலாம். வேண்டாம்.

17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். ஒரு புலவரோடு பந்தயம் கட்டிப் பாடியது என்று கதை. உரை இல்லாமல் என்னால் அதில் நாலு பாட்டைத் தாண்ட முடியவில்லை. ஜெயித்தது தெரிகிறது, ஏன் உதடு ஒட்டக் கூடாது என்பது மட்டும் தெரியவில்லை. தண்டியிடம் அது தெரிகிறது. நம் தண்டியலங்காரத்துக்கு மூலமான நூலை எழுதிய அதே தண்டிதான். அவருடைய தசகுமார சரிதத்தில் மந்திரகுப்தன் தன் கதையை இதழில் பிறக்கும் மெய்கள் இல்லாமலே சொல்கிறான், காதலி கடித்து உதடு புண்ணாகியிருப்பதால். விதிக்கு உடம்பில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

பிரெஞ்சில் ஜார்ஜ் பெரெக் 1969இல் 'ஈ' என்ற எழுத்தே இல்லாமல் ஒரு முழு நாவல் எழுதினார். அவருடைய அப்பா 1940இல் போரில் செத்தார், அம்மாவை 1943இல் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அந்த எழுத்து இல்லாமல் பிரெஞ்சில் அப்பா என்றோ அம்மா என்றோ எழுத முடியாது. அவருடைய பெயரிலேயே அது நாலு தடவை வருகிறது.

இதைப் படித்த அன்று எங்கள் வீட்டு ஆட்களை நிரோட்டகத்தில் எழுதிப் பார்த்தேன். அம்மா, அப்பா, மாமா, தம்பி யாரும் வர முடியாது. தாய் வரலாம், தந்தை வரலாம். அதாவது புத்தகத்துச் சொல்லுக்கு அனுமதி, வீட்டுச் சொல்லுக்கு இல்லை. அக்கா, தாத்தா, ஆயா தப்பித்தார்கள். ஊர்களில் மணலூர்பேட்டை, தென்பெண்ணை, திருக்கோவிலூர், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி எல்லாமே வெளியே. எங்கள் பக்கத்தில் செஞ்சி ஒன்றுதான் தேறியது.

விளையாட்டாகத்தான் எழுதினேன். ஆயாவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து வாய் ஒருபக்கம் கோணிவிட்டது. உதடு சரியாக மூடாது. அப்பாவைக் கூப்பிட்டால் காற்றுதான் வரும். 'ஏ, அப்பனே' என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கக் கூப்பிட்ட கிழவி. கொஞ்ச நாளில் அப்பாவைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டு, சொம்பைத் தட்ட ஆரம்பித்தாள். வாயில் நிற்கிற சொற்களாகப் பொறுக்கிப் பேசுகிறாள் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. முன்பெல்லாம் நான் வந்ததும் 'சாப்ட்டியா'தான். இப்போது 'தின்னியா' என்கிறாள். அம்மாவுக்கு அந்தச் சொல் மரியாதைக் குறைச்சலாகப் படுகிறது.

தை அஞ்சு அன்று அண்ணாமலையார் எங்கள் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். இந்த வருஷம் திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட ஆயா போனை வாங்கினாள். திருவிழா என்றும் வா என்றும் அவளால் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் கேட்டாள்: "தை அஞ்சி, எங்க நீ?"