செய்தித்தாளில் ஊர் வரலாறு: எஸ். முத்தையாவின் பத்தி எழுத்தை முன்வைத்து

இதழியலாளர் எழுதும் வரலாற்றை ஆய்வுலகம் ஐயத்தோடு நோக்குகிறது. எனினும் ஊர் வரலாறு எழுதும்போது அதனையே மிகுதியும் எடுத்தாள்கிறது. இம்முரணை விளங்கிக்கொள்ள எஸ். முத்தையாவின் (1930–2019) எழுத்துப்பணி தக்க களமாகும்.

பள்ளத்தூரில் பிறந்த முத்தையா, 1951 முதல் 1968 வரை கொழும்பில் 'டைம்ஸ் ஆஃப் சிலோன்' நாளிதழில் பணியாற்றினார். பின்னர்ச் சென்னைக்கு வந்து நிலப்பட வெளியீட்டுத் துறையில் ஈடுபட்டார். 1981இல் 'மெட்ராஸ் டிஸ்கவர்ட்' நூலும், 1991இல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழும், 1999 முதல் 'தி இந்து' நாளிதழில் 'மெட்ராஸ் மிசலனி' என்னும் பத்தியும் வெளிவந்தன. செய்தி அறையிலிருந்து நிலப்படத்தின் வழியே வரலாற்றுக்கு வந்தவர் அவர். ஆகவேதான் அவரது எழுத்தில் அரச மரபோ காலப் பகுப்போ அலகாக அமையவில்லை. கட்டடமும் தெருவும் நிறுவனமுமே அலகுகளாயின.

வாசகர் அனுப்பிய திருத்தங்களையும் கூடுதல் தகவல்களையும் அடுத்தடுத்த பத்திகளில் வெளியிட்டமை இம்முறையின் வலிமையாகும். அடிக்குறிப்பின்மையும், ஆங்கில மூலங்களை மிகுதியாகச் சார்ந்தமையும் அதன் வரம்புகளாகும்.

சென்னைக்கு உருவான இம்முறை சிறுநகரங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதற்கு இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் நல்ல சான்றுகள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமையேற்ற பூ. ச. குமாரசாமி ராஜா, இராஜபாளையத்திலுள்ள தம் இல்லத்தைக் காந்தி கலை மன்றத்திற்கு வழங்கினார். அவ்வில்லத்திலிருந்து தொடங்கி விடுதலை இயக்கத்தையும், 1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நிறுவிய ஆலையையும், நெசவுத் தொழிலின் வளர்ச்சியையும் எழுதிச் செல்ல முத்தையாவின் முறை பெரிதும் உதவும். குடும்ப நினைவுகளும் வாசகர் மடல்களும் அங்கு மெய்யான சான்றுகளாகும்.

திருவில்லிபுத்தூரின் நிலை வேறு. தமிழக அரசு முத்திரையிலுள்ள கோபுரம் ஆண்டாள் கோயிலுடையது என்பது பரவலான வழக்கு. அது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரம் என்னும் மாற்றுக் கருத்தும் உண்டு. இங்கு வாசகர் நினைவு ஊர்ப்பற்றோடு கலந்துவிடுவதால், மடல்கள் பெருகினாலும் வழக்குத் தீராது. முத்திரை உருவான காலத்து அரசு ஆவணங்களையும் வரைபடங்களையும் ஒப்புநோக்குவதே வழி.

எனவே, பத்தி எழுத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அதில் நினைவாக வந்தது எது, ஆவணமாக வந்தது எது எனப் பிரித்தறிதல் வேண்டும். இப்பகுப்பைப் பத்தியாளரே செய்து தருவாராயின், நாளிதழ் வரலாறு ஆய்வுக்கு மேலும் பயன்படும்.