எண்ணில்லாத பூஸ்ட் கேஜ்

ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1978இல் அறிமுகப்படுத்திய 900 வரிசையின் டர்போ கார்களில், டர்போவின் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் கேஜில் எண்களே கிடையாது. வண்ணப் பட்டைகள், கடைசியில் சிவப்பு, ஒரு முள், அவ்வளவுதான். இதை அரைகுறை வேலை என்பவர்கள் உண்டு. டாஷ்போர்டுக் கருவிகளில் இவ்வளவு தெளிந்த வடிவமைப்பு அபூர்வம் என்பேன். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டர்பைன் வேகம் பிடிக்கச் சற்று நேரமாகும். உந்துதல் எப்போது வந்து சேரும் என்பதை முள் ஏறும் விதத்திலேயே ஓட்டுபவர் அறிந்துவிடலாம், எண்ணைப் படிக்க வேண்டியதில்லை. சாப் பொறியாளர் பெர் கில்பிராண்டின் குழு உருவாக்கி 1982 மாடலில் வந்த ஏ.பி.சி. அமைப்பு எண்களை விட்டுவிட்ட இந்த முடிவை இன்னும் நியாயமாக்கியது. இன்ஜினில் நாக்கிங் எழுந்தால் அது உடனே அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஆகவே உச்ச அழுத்தம் பெட்ரோலின் தரத்துக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். மேலேறிய முள் சட்டென்று பின்வாங்கினால், டேங்கில் இருப்பது மட்டமான பெட்ரோலோ என்று சந்தேகிக்கலாம். எண் இல்லாமல் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். அது பட்டறையின் வேலை. கேஜுக்கு வரும் காற்றுக் குழாயில் ஒரு டி-இணைப்புப் போட்டுச் சோதனை கேஜை மாட்டினால் அளவு தெரிந்துவிடும்.

இந்த முள்ளுக்கு மின்சாரமே வேண்டாம். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் காருக்குள் வந்து அழுத்தத்தை நேரடியாகக் கேஜில் சேர்க்கிறது. இத்தகைய மெக்கானிகல் கேஜ்கள் பலவற்றுக்கு அடிப்படை, பிரான்சின் யூஜின் போர்டன் 1849இல் காப்புரிமை பெற்ற வளைந்த உலோகக் குழல்: அழுத்தம் ஏறினால் வளைவு நிமிர்கிறது, முள் நகர்கிறது. மேனிஃபோல்டிலிருந்து வரும் ரப்பர் குழாய் காலப்போக்கில் இறுகி வெடிக்கும், காற்று கசிந்தால் ஐடிலிங் கெடும் என்ற குறை உண்மையானது. அதனால் சென்சார் வைத்த எலெக்ட்ரானிக் கேஜே துல்லியம் என்று முடிவுகட்டுவது அவசரம். 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் 3 பாரைக் காட்டும் சென்சாரை எடுத்துக்கொள்வோம். அதன் எர்த் ஒயரை ஹெட்லைட்டின் எர்த்தோடு ஒரே போல்ட்டில் முடுக்கினால், விளக்கு எரியும்போது அங்கே 0.1 வோல்ட் ஏறினாலே முள் 0.075 பார் பொய் சொல்லும். 0.7 பார் பூஸ்ட்டில் இது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். தேர்ந்த எலெக்ட்ரீஷியன் சென்சாரின் எர்த்தை பாடியில் எங்கும் முடுக்காமல் தனி ஒயராகக் கேஜுக்கே திருப்பிக் கொண்டுவருவார். அந்த ஒரு ஒயரில் அவர் கைத்திறன் முழுவதும் தெரியும்.

உயரமும் கணக்கில் உண்டு. 2000 மீட்டர் மலைப்பாதையில் வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 0.8 பார்தான். முழு அழுத்தத்தை அளக்கும் சென்சாரைக் கடல்மட்டத்துக்கு மட்டும் சரிசெய்திருந்தால், இன்ஜின் ஓடாதபோதும் முள் பூஜ்யத்துக்குக் கீழே கிடக்கும். சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டே அளக்கும் மெக்கானிகல் கேஜுக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை. இத்தனை நன்மை இருப்பதால்தான், பழைய 900இல் முள் தடுமாறுகிறது என்றால், கேஜைக் கழற்றி எறிவதற்கு முன் இறுகிப்போகக்கூடிய அந்த ரப்பர் குழாயை மாற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.