சித்திர சபையும் சிங்கனின் கேள்விகளும்: குற்றாலப் பண்பாட்டு வெளியில் அணுகல்தன்மை

கூத்தபிரானின் ஐந்து சபைகளுள் நான்கு, பொருளால் பெயர் பெற்றவை. சிதம்பரம் பொன்னம்பலம், மதுரை வெள்ளியம்பலம், திருநெல்வேலி தாமிர சபை, திருவாலங்காடு இரத்தின சபை. ஐந்தாவதான குற்றாலச் சித்திர சபை மட்டுமே காட்சியால் பெயர் பெற்றது. இங்கு இறைவன் சுவரில் தீட்டப்பட்ட ஓவியமாகவே வழிபடப்படுகிறார். குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்று விலகித் தெப்பக்குளத்துடன் தனித்து நிற்கும் இச்சபையின் சுவர்கள் புராணக் காட்சிகளால் நிறைந்துள்ளன. பார்வையற்ற ஒருவர் இதனுள் நுழையும்போது அவருக்குக் கிடைப்பது என்ன? மற்ற கோயில்களில் தூணையும் கல்லின் புடைப்பையும் கை தொட்டறிய வாய்ப்புண்டு. சுவரோவியத்தைத் தொட முடியாது, தொடவும் கூடாது. எனவே தமிழகப் பண்பாட்டு இடங்களின் அணுகல்தன்மை குறித்த விவாதத்திற்குச் சித்திர சபையைவிடக் கடினமான சான்று அரிது.

சட்ட நிலை ஓரளவு தெளிவானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுக் கட்டடம் என்பதன் வரையறைக்குள் சமயம், பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்குப் பயன்படும் கட்டடங்களையும் சேர்த்துள்ளது. அதன் 29ஆம் பிரிவு கலையை மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கதாக்குவதை அரசின் கடமையாக்குகிறது. 45ஆம் பிரிவு, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் இருக்கும் பொதுக் கட்டடங்கள் அனைத்தும் மாற்றியமைக்கப்பட வேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கணக்கின்படி 2022 ஜூனில் கெடு முடிந்தது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரைகளாக நிறுத்திய 15(1)ஆம் விதி மூலச் சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டம் வற்புறுத்தும் சாய்தளமும் கைப்பிடியும் ஒருவரைச் சபையின் வாயில்வரை கொண்டுசேர்க்கும். ஓவியத்தின் முன் கொண்டுசேர்க்கா. அங்கிருந்து தொடங்குவது மொழியின் வேலை.

அம்மொழிக்கு வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் ஒலிவிளக்கக் கையேடுகளை மட்டுமே முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, காணாதவருக்குக் காட்டும் கலையை அருகிலேயே வைத்திருக்கிறது. குறத்தி வசந்தவல்லியிடம் மலைவளம் கூறுவது, அம்மலையில் வாழாத ஒருத்திக்குச் சொல்லால் அதனைக் கொண்டுவந்து தரும் செயல்தான். அங்கு மலையின் உயரம் எவ்வாறு உணர்த்தப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது. அருவியின் திரை எழும்பி வானவழி நனைவதால் கதிரவனின் குதிரைக் காலும் தேர்ச்சக்கரமும் வழுக்குகின்றன என்கிறாள் அவள். உயரம் கண்ணளவாக அன்றி வழுக்கலாகச் சொல்லப்படுகிறது. சாரல் காலத்தில் குற்றாலத்தின் ஈரப்பாறையில் கால்வைத்த எவருடைய உள்ளங்காலும் இதனை அறியும். இதற்குக் கண் தேவையில்லை. (அதே வழுக்கல்தான் ஊன்றுகோலுடன் அருவிக்கு வருபவரைத் தடுத்து நிறுத்துகிறது என்பது வேறு செய்தி.)

இதனினும் துல்லியமான பகுதி நூலின் இறுதியில் சிங்கனும் சிங்கியும் நிகழ்த்தும் உரையாடலாகும். குறிசொல்லிப் பரிசு பெற்றுத் திரும்பிய சிங்கியின் காலில் கிடப்பவை சிங்கனுக்குப் புரியவில்லை. சிலம்பு அவனுக்கு விரியன் பாம்பாகத் தோன்றுகிறது. பாடகம் நாங்கூழாக நெளிகிறது. கெச்சம் செத்த தவளையைக் கட்டியதுபோல் இருக்கிறது. சிங்கி ஒவ்வொன்றுக்கும் பெயரையும் அது வந்த வழியையும் சொல்கிறாள். சிலம்பு சேலத்து நாட்டில் குறிசொல்லிப் பெற்றது. இதனை நகைச்சுவை என்ற அளவில் மட்டும் காணும் வாசிப்பு ஒன்றைத் தவறவிடுகிறது. பொருளின் வடிவம் முதலில் தெரிந்த ஒன்றோடு ஒப்பிடப்படுகிறது, பிறகு பெயர், பிறகு வரலாறு. கேட்போர் இவ்வரிசையில் அணியை மனத்தில் கட்டியெழுப்புகின்றனர். இன்றைய காட்சிக்கூடப் பலகைகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகப் பெயர், காலம், ஆட்சியாளர் என்று தொடங்கி, வடிவத்தைச் சொல்லாமலே முடிகின்றன. கண்ணுள்ளவர் பொருளையே பார்த்துக்கொள்வார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட பலகையை அப்படியே ஒலிப்பதிவாக்குவது பார்வையற்றவருக்குப் பயன் தராது. சிங்கனின் கேள்வி இல்லாமல் சிங்கியின் விடை மட்டும் தரப்படுவது போன்றது அது.

எனினும் குறவஞ்சியை அணுகலுக்கான ஆயத்த நூலாகக் கொள்வது மிகையாகும். அது மலையையும் அணியையும் வருணிக்கிறது. சபையின் சுவரை வருணிக்கவில்லை. மேலும் அதன் ஆற்றல் பெரும்பகுதி சந்தத்தில் உள்ளது. வசந்தவல்லி பந்தாடும் பகுதியில் பந்தின் துள்ளலைச் சந்தமே நிகழ்த்துகிறது. செவித்திறன் இழந்த வாசகருக்கு அது அச்சில் வெறும் எழுத்துநிரல். 1944இல் கலாக்ஷேத்திரா இந்நூலை நாட்டிய நாடகமாக்கியது. சந்தம் அங்கு உடலசைவுக்கு மாறியது. ஆனால் நாட்டிய முத்திரை சைகைமொழி ஆகாது. இந்தியச் சைகைமொழி தனக்கென இலக்கணம் கொண்ட மொழி. அதில் குறவஞ்சியைத் தருவது மொழிபெயர்ப்பாளரின் பணி, நடனக் கலைஞரின் பணி அன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் போக்கு கருத்தரங்குகளில் இன்னும் நீங்கவில்லை.

நூலே எந்த வடிவில் கிடைக்கிறது என்பதும் இங்கு எழுகிறது. மதுரைத் திட்டத்தில் குறவஞ்சி எழுத்துருவாக உள்ளது. என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான் அதனைப் படிக்கும். ஆனால் உரையுடன் கூடிய பழைய பதிப்புகள் பல, பக்கப் படங்களாகவே மின்னூலகங்களில் உள்ளன; திரைவாசிப்பானுக்கு அவை வெற்றுத்தாள். தமிழக அரசு ஒருங்குறியை 2010இல் ஏற்றது. அதற்கு முந்தைய பல்வேறு குறியேற்றங்களில் தட்டச்சான ஆய்வேடுகள் பொருளற்ற எழுத்துக் குவியலாக ஒலிக்கின்றன. எழுத்துருவாகக் கிடைக்கும் செய்யுளிலும் சிக்கல் உண்டு. சீர் பிரித்த பாடத்தை இயந்திரக்குரல் சொல்லின் நடுவே உடைத்துப் படிக்கிறது. பதம் பிரித்தால் பொருள் தெளிகிறது, சந்தம் சிதைகிறது. இரு பாடங்களையும் தருவதே முறை. இதனைக் கணினித் தொழில்நுட்பரிடம் விட்டுவிட இயலாது. இது பதிப்பியல் முடிவு, தமிழ்த்துறைகளின் பொறுப்பு.

பழைமையான கட்டடத்தில் கைவைக்கலாகாது என்னும் மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஓவியத்தைப் பொறுத்தவரை அது முழுவதும் சரி. விளக்கொளியும் ஈரமும்கூட அதற்குக் கேடு. ஆனால் படி, நிலைவாசல், நடைபாதை ஆகியவற்றுக்கும் அதே மறுப்பைக் கூறுவோர் தென்காசியை நினைக்கலாம். காசிவிசுவநாதர் கோயிலின் சிதைந்த இராசகோபுரம் புதிதாக எழுப்பப்பட்டு 1990இல் குடமுழுக்குக் கண்டது. அதனால் மரபு கெட்டதாக எவரும் கூறவில்லை. அக்கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், இவ்வாலயத்தில் பின்னாளில் ஏதேனும் குற்றம் நேர்ந்தால் அதனை நீக்கிக் காப்பவர் யாராயினும் அவரைப் பணிவதாகக் கல்வெட்டில் பொறித்துள்ளான். அவன் நினைத்த குற்றம் கல் சரிவதாக இருக்கலாம். நுழைய முடியாத வாசலும் அச்சொல்லுக்குள் அடங்காது என்று கொள்ளக் காரணமில்லை.

சித்திர சபைக்கு உடனடியாக இயலக்கூடியவை இரண்டு: நடராசர் ஓவியத்தின் கோடுகளைத் தொட்டறியும் புடைப்புப் பலகை, அதனுடன் சேர்ந்து ஒலிக்கும் தமிழ் விளக்கம். பலகையில் எல்லாக் கோட்டையும் எழுப்பினால் விரல் குழம்பும். எதனை விடுவது என்பதைப் பார்வையற்ற வாசகர்களுடன் அமர்ந்தே முடிவு செய்ய வேண்டும். விளக்கத்தின் முதல் வாக்கியம் காலத்தையோ மன்னனையோ கூறாமல், எந்தக் கால் ஊன்றியுள்ளது, எது தூக்கியது, கைகள் எத்தனை என்று தொடங்கலாம். கையில் சுற்றிக் கிடப்பது என்ன என்று சிங்கன் இங்கே கேட்டால், சிங்கி விடையை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். இந்தமுறை அது பாம்பேதான்.